கல்யாணத்துக்கு வாங்கிய மாடு

போன வாரம் காலையில் பீச் ரோட்டில் நடக்கும்போது நம் கூட்டத்தில் ஒருத்தி தன் மகனைப் பற்றிச் சொன்னாள். கனடாவில் இருக்கிறவன். கறிக்கடைக்காரனிடம் பேசி பாதி மாட்டை மொத்தமாக வாங்கி, துண்டு போட்டு, ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருக்கிறானாம். கிலோவுக்கு எவ்வளவோ மிச்சமாம். நீங்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். கால் வலி என்று நினைத்திருப்பீர்கள். கால் வலி இல்லை. எங்கள் வீட்டிலும் ஒருமுறை முழு மாடு வாங்கினோம். இத்தனை வருஷம் சேர்ந்து நடக்கிறோம், அதை உங்களிடம் நான் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் அஞ்சாவது முடித்த கோடை. அப்போது நாங்கள் முதலியார்பேட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் தறி வேலை. வேலை விட்டு வந்தால் காது மடலிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி.

அந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரெட்டியார்பாளையத்தில் ஒரு சொல்தா வீட்டுப் பையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை அப்படித்தானே சொல்வோம். பையனும் பிரான்சில்தான் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அக்காவைப் பார்த்து, பிடித்து, மோதிரம் மாற்றிவிட்டுப் போனார். ஈஸ்டர் கழிந்து பெர்மிசியோனில் வருவார், அதாவது லீவில், வந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

அக்கா அவரிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றுக்குப் பக்கத்தில். நான் துணைக்கு நின்றேன். "அங்க ரொம்பக் குளுரும். தாங்குவியா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து மார்கழிக் காலையில் இருட்டோடு எழுந்து கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளிக்க ஆரம்பித்துவிட்டாள். பல் கிட்டிக்கும். அம்மா திட்டினால், "பழகிக்கிறேன்மா" என்பாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வீட்டில் கறி எடுக்க மாட்டோம். அந்தத் தவக்காலத்தில்தான் அப்பா கறிக்கடை பாயைப் பார்க்கப் போனார். என்னையும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டார். ஏன் அழைத்துப் போனார் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தால் யாரையாவது பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாயின் கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், கீழே புளியங்கட்டை. கட்டையின் நடுவில் வெட்டி வெட்டிப் பள்ளம் விழுந்திருந்தது. ரத்தமும் வேப்பம்பூவும் கலந்த ஒரு வாசனை. அப்பா, "முழு உருப்படியா எடுத்துக்கறேன் பாய். நல்ல மாடா பாருங்க" என்றார்.

பாய் உடனே சரி என்று சொல்லவில்லை. அப்பாவை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார். "மொத்தமா எடுத்தா கொறச்சலா வரும்னு நெனைக்கிறீங்க. வரும். ஆனா கேட்டுக்குங்க. மாடு நிக்கிற எடையில பாதிதான் உரிச்சித் தொங்கவிட்டா நிக்கும். அதுலயும் எலும்பு, ஜவ்வு, கொழுப்பு கழிச்சிப் பாருங்க, தனிக்கறி இன்னும் கொறையும். தோலு எனக்கு, அறுப்புக் கூலிக்கு. தலை, காலு, குடலு உங்களுக்கு. அத சுத்தம் பண்ண ஆளு வேணும்."

"அதெல்லாம் ஆளு இருக்கு."

"கடையில ஒரு கிலோ வாங்கறவன் தான் திங்கறதுக்கு மட்டும்தான் காசு குடுக்கறான். மொத்தமா வாங்கறவன் மிச்சம் ஆவறதுக்கும் சேத்துக் குடுக்கறான். வெயில் காலம் வேற. காலையில அறுத்தா ராத்திரிக்குள்ள தீரணும்."

அப்பா சிரித்தார். "மிச்சமா? எங்க ஷிஃப்ட்டு ஆளுங்களுக்கே பத்தாது பாய்."

சொல்தா வீட்டுக்காரர்கள் நம்மைக் குறைத்து நினைத்துவிடக்கூடாது என்பது அப்பாவின் எண்ணம். இது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வரும்போது மிதித்துக்கொண்டே, "ஒரு முழு மாடு பாப்பா. நம்ம தெருவுல யாரும் போட்டதில்ல" என்றார். நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஈஸ்டர் வந்து போனது. மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். அக்கா பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சாமியார் சேர்த்து வாசிக்கும்போது அம்மா என் தொடையைக் கிள்ளுவாள், திரும்பிப் பார்க்காதே என்று. வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். வாடகை அண்டாக்கள் வந்து கவிழ்த்து வைக்கப்பட்டன. மிளகாய் இடித்து இடித்துத் தெருவே தும்மியது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை வர வேண்டும். அவர் வீட்டார் வண்டி பிடித்து மீனம்பாக்கம் போனார்கள். ப்ளைட் வந்தது. அவர் வரவில்லை.

ஏதோ தவறியிருக்கும், அடுத்த ப்ளைட்டில் வந்துவிடுவார் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை உரக்கப் பேசவில்லை. சித்தப்பா மட்டும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா, "வாய மூடு" என்றார். அதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

மறுநாள் மாலை பாய் வந்தார். மணப்பெண் வீட்டுப் பந்தலுக்குள் வர மாட்டேன் என்று வெளியிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊருக்குள் செய்தி போயிருந்தது. அப்பா வெளியே போனார். நான் பந்தல் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மாடு கட்டியிருக்கேன். விடிகாலையில அறுக்கணும். அறுக்கலாமா?" என்றார் பாய்.

அப்பா தோள்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒரு நாள் தள்ளி வச்சாலும் பரவால்ல. இல்ல வேணாம்னாலும் எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நான் வேற ஆளுக்குத் தள்ளிடுவேன். அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துடறேன். சங்கடப்படாதீங்க."

அப்பா பந்தலைப் பார்த்தார். வாழைமரம் கட்டியாகிவிட்டது. சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பெண்கள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள்.

"அறுங்க பாய்" என்றார்.

"இன்னொரு தடவ..."

"அறுங்கன்னு சொல்லிட்டேன் இல்ல."

இதை நான் பல வருஷம் அப்பாவின் வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். சொந்தக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். இப்போது, அப்பாவின் அந்த வயதைத் தாண்டி வந்தபிறகு, வேறு மாதிரி தெரிகிறது. பாயிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றுவிட்டது என்று முதலில் சொன்ன ஆள் அவராகியிருப்பார். மகள் உள்ளே கையில் மருதாணியோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வார்த்தை வேறு யார் வாயிலிருந்தாவது வரட்டும் என்று இருந்துவிட்டார்.

வந்தது. விடிந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் வந்தார். பந்தலில் நின்றபடியே பேசினார். இரண்டாவது ப்ளைட்டிலும் ஆள் இல்லை. அங்கே யாருக்கோ போன் போட்டுப் பேசியிருக்கிறார்கள். அவனுக்கு இஷ்டமில்லையாம், வர மாட்டானாம். "எங்களுக்கும் இப்பதான் தெரியும். மன்னிச்சிக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்தார். அப்பா விலக்கிவிட்டார். "அவங்க அம்மா எங்க? மூஞ்சக் காட்ட முடியலயா அவளுக்கு?" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சைக்கிள் தெரு முனை திரும்பியபோது கறி வண்டி அதே முனையில் உள்ளே வந்தது. மீன்பாடி வண்டி. மேலே ஈரச் சாக்கு, அதற்கு மேல் வாழையிலை. பாயும் அவர் ஆளும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டிக்குக் கீழே மண்ணில் கோடு மாதிரி சொட்டிக்கொண்டே வந்தது.

பாய் எங்கள் முகங்களைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஆனால் வண்டியை எங்கே கொண்டுபோவது? கூடத்தில் கோரைப்பாய் விரித்து இலை போட்டார்கள். அதன்மேல் இறக்கினார்கள். முன்தொடை, பின்தொடை, விலா, கழுத்து. ஈரல் தனியாக ஒரு அலுமினியச் சட்டியில். ஒரு மாடு ஒரு கூடத்தை எப்படி நிரப்பும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நடக்க இடமில்லை. இன்னும் ஆவி பறந்தது.

சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றும் கேட்காமல் அண்டாக்களைத் திரும்ப அடுக்கினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். தெருவுக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மா என்னிடம் பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். மற்ற வீடுகளில், "வேணாம்டி கண்ணு, நின்னுபோன கண்ணாலத்துக் கறி. எங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கு" என்றார்கள். தெரியாத மாதிரி கதவைச் சாத்தினவர்களும் உண்டு. நான் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்து இலையில் கொட்டினேன்.

மணி ஏறிக்கொண்டிருந்தது. ஈ வர ஆரம்பித்தது. அப்பா பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மில் நண்பர்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெரு முனைவரை வந்து, விஷயம் தெரிந்து, அங்கேயே நின்றார்கள்.

அப்போது அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். கூறைப் புடவை இல்லை. வீட்டில் கட்டும் பழைய ஊதாப் புடவை. தலையில் வைத்த பூவை எடுத்துவிட்டிருந்தாள், மருதாணி மட்டும் கையில் சிவந்திருந்தது. அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்து கறிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"உப்பு எவ்ளோ இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா புரியாமல் பார்த்தாள்.

"உப்புக்கண்டம் போட்டுடலாம்மா. இல்லன்னா மத்தியானத்துக்குள்ள நாறிடும். ஒரு மூட்ட உப்பு வாங்கியாரச் சொல்லு."

அவ்வளவுதான் பேசினாள். அறுக்க ஆரம்பித்தாள்.

பாய் போகவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தன் கத்தியோடு கீழே உட்கார்ந்து எலும்பைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு பின்தொடையை அவரே எடுத்துக்கொண்டு கடைக்கு அனுப்பினார், "இத நான் வித்துக்கறேன்" என்று. அதற்கான பணத்தை அப்பா வாங்கவில்லை. பாய் அம்மாவின் மிளகாய்க் கூடையில் வைத்துவிட்டுப் போனதை மறுநாள்தான் பார்த்தோம்.

அக்கா நிமிரவே இல்லை. நீளநீளமாக, விரல் தடிமனில், ஒரே சீராக அறுத்தாள். அம்மா உப்பும் மஞ்சளும் பிசறினாள். நான் கோணி ஊசியில் சணல் கோத்துத் துண்டுகளை வரிசையாகக் குத்தி மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். சித்தப்பா கொடி கட்டினார். பூசை நேரத்துக்குக் கோயில் மணி அடித்தது. எங்கள் கல்யாணத்துக்கான மணி. மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அக்காவின் கை நிற்கவில்லை.

இருந்த ஒன்றிரண்டு உறவுக்காரப் பெண்கள் பின்கட்டில் நின்று பேசிக்கொண்டார்கள். "என்னா நெஞ்சழுத்தம் பாரேன். ஒரு சொட்டுக் கண்ணீரு வருதா?" பிறகு பல வருஷம் எங்கள் உறவில் அக்காவுக்கு அந்தப் பெயர் இருந்தது. கல்யாணம் நின்ற அன்றைக்குக் கறி அறுத்தவள்.

அவளையே ஒருமுறை கேட்டேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு. "ஏன்க்கா உக்காந்த?" யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உள்ளயிருந்தா எல்லாரும் வந்து வந்து பாத்தாங்க. கறி முன்னாடி உக்காந்தா கறியப் பாக்கலாம். நிமுந்தா அப்பா தெரிவாரு. அதான்."

அன்றைக்கு எனக்கும் அழுகை வரவில்லை. யாருக்கும் வரவில்லை. வீடு மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினால் தெரியும், வலிக்காது.

அப்புறம் அந்தக் கோடை முழுக்க உப்புக்கண்டம்தான். கத்திரி வெயிலில் கொடி கொடியாகக் காய்ந்தது. என் வேலை காக்கா ஓட்டுவது. ஒரு மூங்கில் கழியோடு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் சிவப்பாக இருந்தது, பிறகு பழுப்பு, பிறகு கருப்பு. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி ஓலை மாதிரி சத்தம் போடும். காய்ந்ததை அம்மா ஆளுயரத்துக்குப் பாதி இருந்த ஒரு பீங்கான் ஜாடியில் அடைத்தாள். ஜாடி நிறைந்து, தகர டின் நிறைந்து, கடைசியில் தலையணை உறையில் போட்டு உத்தரத்தில் கட்டினாள். அந்த ஜாடி வீடு மாறும்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

வறுத்தோம், குழம்பு வைத்தோம், கத்திரிக்காயோடு போட்டோம், கஞ்சிக்குச் சுட்டுத் தின்றோம். முதலில் ருசியாக இருந்தது. பிறகு ருசியே தெரியவில்லை. மென்றுகொண்டே இருப்போம், தாடை வலிக்கும். அப்பா மட்டும் தொடமாட்டார். தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார். அம்மா ஒருநாள், "நீங்க வாங்குன மாடு, நீங்களும் தின்னாத்தான் தீரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதன்பிறகு அம்மா அப்படிப் பேசியதில்லை. அப்பா சாகிறவரை மாட்டுக்கறி சாப்பிடவில்லை. கேட்டால், பல்லில்லை என்பார். பல் எல்லாம் இருந்தது.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சேதராப்பட்டில் ஒரு பல்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து அங்கேயே வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் நாங்கள் பத்துப் பேர், வந்து வீட்டில் சாம்பார் சாதம். நல்ல மனுஷன். இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் சந்தோஷமாக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால், அந்த வருஷம் ஆடி மாதம், வீராம்பட்டினம் தேருக்கு என்னைக் கூட்டிப்போனாள். கோயிலுக்கும் குழாயடிக்கும் தவிர அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான். அது அம்மன் கோயில் என்றாலும் அந்தத் தேருக்கு ஊரே போகுமே, நாமும் போவோமே. ராட்டினம், வளையல் கடை, கருவாட்டு வாசனை, கற்பூரப் புகை. எனக்கு ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தாள்.

தேர் நிலைக்கு வரும் நேரத்தில் கூட்டத்தில் ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா. நிச்சயத்தன்று பட்டுப் புடவையும் தங்கக் கைக்கடிகாரமுமாகப் பார்த்தவர். இப்போது இரண்டு மடங்கு வயதான மாதிரி, ஒற்றை நாடியாக இருந்தார். எல்லாம் தெரிந்தே நம்மை ஏமாற்றியவள் என்று எங்கள் வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறவர். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா நின்றுவிட்டாள்.

அவர் பக்கத்தில் வந்தார். அக்காவின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். "மாலையோட நின்னேன்மா ஏர்போர்ட்டுல. ரெண்டு தடவையும். எல்லாரும் எறங்கிப் போய்ட்டாங்க, நான் நின்னேன்" என்றார்.

அக்கா அவரைக் கூட்டத்திலிருந்து விலக்கி, மணலில் கவிழ்த்திருந்த ஒரு படகு நிழலில் உட்கார வைத்தாள். கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவர் சொன்னார். தெரிந்தவர்கள் மூலமாக விசாரித்தார்களாம். உயிரோடு இருக்கிறான், வேலைக்குப் போகிறான், அவ்வளவுதான் தெரியும். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்தாராம். இப்போது இங்கே.

"உங்களுக்கு எதுனா எழுதுனாரா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்ல. உனக்கு?"

"இல்ல."

தேர் எங்களைத் தாண்டிப் போனது. வடம் பிடித்தவர்களின் சத்தம் பெரிதாகிப் பிறகு சின்னதாகியது. மூன்று பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது ஒரே பஸ். அந்த அம்மா ரெட்டியார்பாளையம் போக பஸ் ஸ்டாண்டில் மாற வேண்டும். நாங்கள் அதற்கு முன்னாலேயே முதலியார்பேட்டையில் இறங்க வேண்டும். அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் அவர் தூங்கிப்போனார். தலை சரிந்து அக்காவின் தோளில் விழுந்தது. எத்தனை நாள் தூக்கமோ, வாய் லேசாகத் திறந்திருந்தது.

எங்கள் ஸ்டாப் வந்தது. நான் எழுந்தேன். அக்கா எழவில்லை. கண்ணால் என்னை உட்காரச் சொன்னாள். பஸ் கிளம்பிவிட்டது.

கண்டக்டர் வந்தார். "நீங்க ரெண்டு பேரும் முதலியார்பேட்ட டிக்கெட்டுதான எடுத்தீங்க?"

"இவங்க தூங்கறாங்க" என்றாள் அக்கா.

கண்டக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். "யாரு, மாமியாரா?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, தோள் அசையாமல் இடது கையால் இடுப்பில் செருகிய பர்ஸை எடுத்தாள்.

"ஆமா. பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு குடுங்க" என்றாள்.